மீட்டருக்காகப் பகலில் தூங்கிய வீடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி பேகம்பேட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "கொஞ்சம் உற்சாகம் தர்ற மாதிரி எழுதுங்க மேடம்" என்று வேறு கேட்டுக்கொண்டார்கள். அது எனக்கு வராது. வேலையில் இருந்தபோதே வந்ததில்லை, ஓய்வு பெற்றபின் எங்கிருந்து வரும்? பிடித்தால் படியுங்கள். பிடிக்காவிட்டால் ஓரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் எவ்வளவு கரண்ட் போகிறது, எது வழியாகப் போகிறது, எப்படி நிறுத்துவது என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை. கேட்க நன்றாக இருக்கும். ரிமோட்டில் அணைத்தால் டிவி அணைந்துவிட்டது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். செட்டாப் பாக்ஸை அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் அது ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கிறது. ஏசி போடாத குளிர்காலத்திலும் அதன் ஸ்டெபிலைசர் சுவரில் உறுமிக்கொண்டிருக்கும். சுவர் சுவிட்சை அணையுங்கள், சுவர் சுவிட்சை அணையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கொஞ்ச நாள் அணைப்பார்கள். அப்புறம், "சோபாவுக்குப் பின்னாடி குனிய முடியல மேடம்" என்பார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

சொன்னதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அதைவிட மோசம். ஒரு அம்மா நான் சொன்னதைத் தட்டாமல் கேட்டு, ஊருக்குப் போகும்போது வீட்டில் இருந்த அத்தனை சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனார், ஃப்ரிட்ஜ் சேர்த்து. திரும்பி வந்து எனக்கு போன் போட்டார். "ஏங்க, தோசை மாவு பொங்கி வழிஞ்சு ஃப்ரிட்ஜுக்குள்ளயே காஞ்சு கிடக்குது. நீங்க வந்து கழுவறீங்களா?" நான் போய்க் கழுவவில்லை. ஆனால் அன்று முதல் எதை அணைக்கக் கூடாது என்பதையும் தனியாகச் சொல்ல ஆரம்பித்தேன். இந்தத் தொழிலில் பாடம் எல்லாம் இப்படித்தான் வரும், யாராவது ஒருவருடைய மாவு கெட்ட பிறகு.

இப்போது அல்வால் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை நாளாகியும் என் தூக்கத்தைக் கெடுக்கிற வீடு அது ஒன்றுதான்.

அதற்கு முன் நம் முறையைச் சொல்ல வேண்டும். ராத்திரி வீணாகும் கரண்டை அளக்க நாம் ராத்திரி போய் ஒருவர் வீட்டில் உட்கார முடியாது. அதனால் பகலிலேயே வீட்டைத் தூங்க வைப்போம். காலை பதினோரு மணிக்குப் போய், "நீங்க தினமும் படுக்கப் போறப்ப என்னென்ன செய்வீங்களோ, அதை அப்படியே செய்யுங்க" என்போம். அவர்கள் டிவியை அணைப்பார்கள், விளக்கை அணைப்பார்கள், கொசுவத்தி மெஷினைப் போடுவார்கள், உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்கள். நாம் மீட்டர் முன்னால் நிற்போம். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் படுத்துவிட்டால் பாருங்கள், அவரவர் ராத்திரி பழக்கம் தானாக வந்துவிடும். சிலர் பகல் வெளிச்சத்தில் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். ஒருவர் நிஜமாகவே குறட்டை விட்டார்.

அல்வாலில் தனி வீடு. முனிரத்தினம் என்று ஒருவர், ராணுவ ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சரோஜாம்மா. வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்த குடும்பம், என் குடும்பத்தைப் போலவே. அதனால் வாசலிலேயே ஒட்டிக்கொண்டார்கள். ஒரே பிள்ளை கார்த்திக், அமெரிக்காவில். நம் சர்வீஸை ஆன்லைனில் பதிவு செய்தது அவன்தான். ரிப்போர்ட்டும் அவனுக்குத்தான் போக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் சரோஜாம்மா காபி கொண்டுவந்தார். டம்ளரை வைக்கும்போது முனிரத்தினம் சாரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். உடனே மேலே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நானும் மேலே பார்த்தேன். ஹால் மூலையில் ஒரு கேமரா. சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று.

"பையன் வெச்சான்" என்றார் முனிரத்தினம். "நான் ஒருவாட்டி கேட்டாண்ட விழுந்துட்டேன். அதுலருந்து."

விழுந்தால் பார்க்க ஆள் வேண்டாமா? பிள்ளை வைத்ததில் தப்பு ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். வேலையைத் தொடங்கினேன். "சார், அம்மா, படுக்கப் போங்க" என்றேன்.

முனிரத்தினம் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாக, மேலே பார்த்துக்கொண்டு, "மேடம் சொல்றாங்க, எல்லாத்தியும் அணைக்கணுமாம்" என்றார். டிவி, விளக்கு, ஸ்டெபிலைசர் எல்லாம் அணைத்தார். கடைசியாக வைஃபை பெட்டியின் சுவிட்சையும் தட்டினார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

"சார், அதை தினம் ராத்திரி அணைக்கிறீங்களா?"

"இல்ல. இன்னிக்கி அணைக்கறேன்."

கேமராவின் பச்சைப் பொட்டு சிவப்பாகி மினுக்கத் தொடங்கியது. இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் மீட்டர் முன்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே சண்டை ஆரம்பித்தது.

சாதாரணச் சண்டை இல்லை. தெருவுக்குக் கேட்கும் சண்டை. "ஏன்யா, என் தங்கச்சி வந்து உக்காந்துகினு இருக்கா, நீ லுங்கிய மடிச்சிக் கட்டிகினு வந்து அவ எதிர்க்க பல்லு வெளக்கறியே, இன்னா மனுஷன்யா நீ?" என்று சரோஜாம்மா. "அது போன தீவாளிக்கு நடந்தது!" என்று அவர். "போன தீவாளிக்கு நடந்தா மறந்துடுவனா? கேக்க வுட்டானா உன் புள்ள?" அப்புறம் யாருக்கோ தூக்கிக் கொடுத்த தேங்காய், ஒளித்துவைத்துத் தின்ற மைசூர்பாகு, கல்யாண வீட்டில் பாதியில் எழுந்து வந்தது, ஒவ்வொன்றாக வந்தது. கதவைத் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது முனிரத்தினம் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடக்க முடியாத சிரிப்பு. அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது, திட்டிக்கொண்டே அந்த அம்மாவும் சிரித்தார்.

அது முடிவதற்குள் போன் அடித்தது. அமெரிக்காவில் நடுராத்திரி, கேமரா நின்றதும் பிள்ளை பதறி எழுந்திருக்கிறான். முனிரத்தினம் வெளியே வந்து, மூச்சு வாங்க, "ஒண்ணுமில்லப்பா, மேடம்தான் அணைக்கச் சொன்னாங்க" என்று போனை என் கையில் திணித்தார். "டெஸ்டிங் தம்பி, இதோ போட்டுடறேன்" என்றேன். வைஃபை வந்தது. பொட்டு பச்சையானது. சரோஜாம்மா தலையைச் சரிசெய்துகொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார், போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி.

கிளம்பும்போது முனிரத்தினம் என்னோடு கேட் வரை வந்தார். அவர் விழுந்த இடம் அதுதான், ஆனாலும் அங்கே கேமரா இல்லை.

"மேடம், அவ என்னெத் திட்டி எட்டு மாசம் ஆச்சு. மொதல்ல ஒருவாட்டி திட்டினா. 'மம்மி, காம் டவுன், பிபி ஏறும்'னு செவுத்துலருந்து, அந்தக் கேமரா வழியா பேசறான். அடுத்தவாட்டி, ரெண்டு பேருக்கும் கவுன்சலிங் புக் பண்றேன்னான். அவ வாயே தொறக்கறதில்ல இப்ப. நாப்பத்தஞ்சு வருசமா சண்ட போட்டுகினே இருந்தவங்க மேடம் நாங்க. இப்ப லாட்ஜுல தங்கின மாதிரி கீது."

"வேணாம்னு சொல்லிடுங்களேன் சார்."

"சொன்னேனே. கேமரா வேணாம்னா ரெண்டு பேரும் முதியோர் ஹோமுக்குப் போங்கன்றான். அவ இந்த வீட்ட விட்டுட்டு உயிரோட இருக்க மாட்டா." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. இந்தக் கேமராதான் கரண்ட்டத் தின்னுதுன்னு எழுதுங்க. அவன் கரண்ட் வீணாவறதுன்னா கேப்பான். நாங்க சொன்னா கேக்க மாட்டான், நீங்க சொன்னா கேப்பான்."

நீங்கள் இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். அவசரமில்லை, யோசித்துவிட்டு வாருங்கள்.

கேமரா தின்னவில்லை பிள்ளைகளா. மூன்று கேமராவும் சேர்ந்து ஒரு ஜீரோ வாட் பல்பு அளவுதான். தின்றது செட்டாப் பாக்ஸ், ஸ்டெபிலைசர், பிள்ளை வாங்கிவைத்துவிட்டுப் போன ஹோம் தியேட்டர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிழட்டு இன்வெர்ட்டர். அதன் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது, இரவும் பகலும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது. நான் பொய் எழுதினால் இன்னொருவன் வந்து அளந்து பார்த்து, முன்னால் அளக்க வந்த அம்மா ஒரு ஃபிராடு என்பான். அப்புறம் இந்த வீட்டில் மட்டும் இல்லை, எந்த வீட்டிலும் நம் பேச்சு எடுபடாது. பொய் எழுத மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் எழுத மாட்டேன்.

ஆனால் சும்மா இருக்கவும் மனசு வரவில்லை. கார்த்திக்குக்கு போன் போட்டேன். தமிழ் நன்றாகப் புரியும் அவனுக்கு, பதில்தான் பாதி இங்கிலீஷில் வரும்.

"தம்பி, கரண்ட் விஷயம் இல்லை. உங்க அம்மா அப்பாவுக்குக் கொஞ்சம் தனியா இருக்கணும்பா. பெட்ரூம் கேமராவையாவது எடுத்துடு."

"ஆன்ட்டி, டாடி கேட்டாண்ட விழுந்தப்ப ஒன் அவர் யாருக்குமே தெரியல. மம்மி உள்ள தூங்கிட்டு இருந்தாங்க. நான் இங்க மீட்டிங்ல இருக்கேன். அது தெரியுமா உங்களுக்கு?" அவன் குரல் நடுங்கியது. நடிப்பு இல்லை, நான் சத்தியமாகச் சொல்வேன். "நெக்ஸ்ட் டைம் விழுந்தா நீங்க வந்து பாப்பீங்களா?"

கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனை வைத்திருப்பேன். அவன் பயந்த பிள்ளை. பயந்தவர்களிடம் எந்த நியாயமும் செல்லாது.

ஆபீஸில் அப்போது எங்களுக்கு மேலே இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் கேட்டார். "அம்மா, நம்மள எதுக்குக் கூப்பிட்டாங்க? வாட் அளக்க. அந்த வீட்டுக்குள்ள யார் சந்தோஷமா இருக்காங்கன்னு அளக்க நம்மகிட்ட மீட்டர் இல்ல. இருந்தாலும் அதைத் தூக்கிட்டுப் போகாதீங்க." எனக்கு அப்போது கோபம் வந்தது. ஹவ் சார், ஹவ் சார் என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ரிப்போர்ட் எழுதினேன். இன்வெர்ட்டர் வீண், மாற்ற வேண்டும். செட்டாப் பாக்ஸ், டிவி, ஹோம் தியேட்டர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் கட்டிலிலிருந்தே எட்டுகிற மாதிரி ஒரே சுவிட்சில் கொண்டுவந்தால் பெரியவர்கள் குனிய வேண்டாம். கேமராவால் பெரிய செலவில்லை. எழுதியது அத்தனையும் நிஜம். ஒரு வார்த்தையை இன்றும் மாற்ற முடியாது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சில மாதம் கழித்து, சொன்னபடி செய்திருக்கிறார்களா என்று பார்க்க மறுபடி போக வேண்டுமே, அதற்குப் போனேன். மே மாதம், சாயங்காலம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கார்த்திக் நான் எழுதியதை வரிக்கு வரி நிறைவேற்றியிருந்தான். ஒரே சுவிட்ச் என்று எழுதினேன் அல்லவா? ஒரே சுவிட்ச்தான். ஆனால் அது கட்டில் பக்கத்தில் இல்லை, அமெரிக்காவில் அவன் போனில் இருந்தது. வீட்டின் ஒவ்வொரு பிளக்கிலும் வெள்ளையாக ஒரு ஸ்மார்ட் பிளக். ஹாலில் ஆள் இல்லை என்று கேமரா சொன்னால் அங்கே எல்லாம் அணைந்துவிடும். ராத்திரி அவன் வைத்த நேரத்துக்கு டிவி நின்றுவிடும். "மேட்ச் பாத்துகினு இருந்தேன், கடைசி ஓவர், டப்புனு நின்னுபோச்சி" என்றார் முனிரத்தினம். குறை சொல்கிற குரல்கூட இல்லை. மழை பெய்தது, நின்றது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

இன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டான். புதியது அடுத்த முறை வரும்போது வாங்கலாமாம். அதுவரை வைஃபைக்கும் கேமராவுக்கும் மட்டும் சின்ன பேட்டரி ஒன்று. வைஃபை சுவிட்சுக்கு மேலே மூடி போட்டுப் பூட்டியிருந்தது.

மீட்டரைப் பார்த்தேன். என் பணிக்காலம் முழுவதும் நான் தேடிக்கொண்டிருந்த எண் அது. வீடு முழுக்க அணைந்திருக்கும்போது, உண்மையாகவே அணைந்திருந்தது. எந்த வீட்டிலும் என்னால் செய்ய முடியாததை இந்த வீட்டில் செய்துவிட்டோம். ஆபீஸில் இந்த வீட்டைத்தான் புதியவர்களுக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள், உங்களுக்கும் காட்டியிருப்பார்கள்.

அப்போது காற்று அடித்து, எங்கேயோ மரம் விழுந்ததோ என்னவோ, கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது. அந்தப் புழுக்கத்தில், அரை இருட்டில், வீட்டில் உயிரோடு இருந்தது மூலையில் இருந்த அந்தப் பச்சைப் பொட்டு மட்டும்தான்.

"டாடி, கரண்ட் போச்சா? மூவ் ஆகாதீங்க, இருட்டு. அப்படியே உக்காருங்க" என்றது சுவர். "ஹாய் ஆன்ட்டி. சேவிங்ஸ் எப்படி, சூப்பரா?"

"நல்லா வந்திருக்குப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

முனிரத்தினம் மெதுவாக எழுந்தார். "வேர்க்குதுப்பா, மூஞ்சி கழுவிட்டு வரேன்" என்று சுவரிடம் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் விட்டு சரோஜாம்மா, "துண்டு எடுத்துட்டுப் போகல பாரு" என்று ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். கதவு மூடிக்கொண்டது. குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. முழுதாகத் திறந்த குழாய், தண்ணீர் வாளியில் விழாமல் தரையில் சளசளவென்று கொட்டியது.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. குளியலறையில்தான் கேமரா இல்லை. பேச்சு வெளியே கேட்காமல் இருக்கத்தான் குழாய். எழுபது வயதில், முட்டி வலியோடு, ஈரத் தரையில், இருட்டில் இரண்டு பேரும்.

கொஞ்ச நேரம் போனது. "ஆன்ட்டி, மம்மி எங்க?" என்றது சுவர்.

"துணி அலசறாங்க தம்பி."

ரிப்போர்ட்டில் பொய் எழுத மாட்டேன் என்றவள், இங்கே வாயால் ஒரு பொய் சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

"ரொம்ப நேரமா டேப் ஓடுது. டேங்க் காலியானா மோட்டர் போடணும், அதுவும் வேஸ்ட்தானே ஆன்ட்டி? நீங்களே சொல்லுங்க அவங்கள்ட்ட. நீங்க சொன்னா கேப்பாங்க."

எழுந்து போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சரோஜாம்மாவின் குரல், ரகசியமாக, அடித்தொண்டையில், மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருந்தது. என்ன திட்டென்று கேட்கவில்லை. நடுநடுவே முனிரத்தினம், "ம்... ம்... அப்புறம்?" என்றார். நான் தட்டவில்லை. தண்ணீர் வாசற்படி தாண்டி என் கால்வரை வந்தது. வீணாவதைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் அப்படியே நின்றேன்.

யார் கையில் சுவிட்ச் போய்ச் சேரும் என்று பார்த்து எழுதுங்கள் என்று உங்களுக்குப் புத்தி சொல்லலாம். சொல்லியும் என்ன? அது தெரிந்திருந்தாலும் நான் வேறு எதை எழுதியிருப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கரண்ட் வந்துவிட்டது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்ததும் உள்ளே பேச்சு சட்டென்று நின்றது, குழாயும் நின்றது. சரோஜாம்மா முதலில் வந்தார், காய்ந்த துண்டோடு. அவர் பின்னால் முனிரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஹாலுக்குப் போய், சோபாவில் அவரவர் இடத்தில், கேமராவுக்கு முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்கள்.

"வந்துட்டோம்பா" என்றார் முனிரத்தினம்.